தெருவும் தெருவாரும்

வீடு கட்டப் புகும் ஒருவர் முதலில் என்ன செய்கிறார்? கொத்தனாரை அழைத்துக்கொண்டு மனைக்குப் போகிறார். வீட்டு அம்மாளும் உடன் போகிறார். அடுக்களை எந்த மூலையில் வர வேண்டும், புறக்கடை வாயிலை எங்கே திறக்க வேண்டும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டுக்குள் நின்று பார்த்துவிட்டு, ‘இந்த அறையில் இரண்டு பேர் நிற்கவும் இடம் இராது போலிருக்கிறதே’ என்று அம்மாள் சொன்னால், கோட்டை அழித்து ஒரு முழம் தள்ளிப் போடுகிறார்கள். வானம் தோண்டுவது அதற்குப் பிறகுதான்.

தெருப் போடும்போது மட்டும் இந்த நல்ல வழக்கம் எங்கோ மறைந்துவிடுகிறது. ஒரு நாள் காலையில் சரளைக் கல் வந்து தெருமுனையில் இறங்குகிறது. அடுத்த வாரம் சாலை உருளை வருகிறது. தம் வாயிலுக்கு முன்னால் என்ன நடக்கப் போகிறது என்பது தெருவாருக்குத் தெரிய வருவது அப்போதுதான். வாயிற்படி பள்ளமாகிவிட்டதே என்று ஒருவர் கூறுவார். சாக்கடை மேடாகிவிட்டதே என்று மற்றொருவர் கூறுவார். இருவர் கூறுவதும் உண்மையே. ஆனால் கல் இறுகிய பிறகு கூறி என்ன பயன்?

மாணவ மாணவியரே! நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் ஏற்றபடி ஊர்த் தெருக்களைத் திருத்தி அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் இப்போது நாட்டின் பல பகுதிகளில் வேரூன்றி வருகிறது. அந்தத் திருத்தத்தில் தெருவாருக்கு என்ன பங்கு, அவர்களைக் கேட்க வேண்டிய காலம் எது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இது பெரியவர்கள் கூடிச் செய்ய வேண்டிய காரியமாயிற்றே, எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று நீங்கள் எண்ணலாம். ஊரில் மிகுதியாக நடப்பவர்கள் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் பள்ளிக்கும் மாலையில் வீட்டுக்கும், இடையே கடைக்கும் என்று ஓயாமல் நடப்பவர்கள் நீங்கள்தாம்.

என் ஊர் இளையரசனேந்தல். கோவில்பட்டிக்கு மேற்கே உள்ளது. முன்பு ஜமீன் இருந்த ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். சுற்றிலும் கரிசல் மண். பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாயும் விளையும் பூமி. இந்தக் கரிசலைப் பற்றிப் புவியியல் நூலில் படித்திருப்பீர்கள்: ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். நூலில் எழுதாத செய்தி ஒன்று உண்டு. மழை பெய்த மறுநாள் மிதிவண்டியில் வண்டிப் பாதை வழியே போகிறவன், நூறு கஜம் போவதற்குள் இறங்கிவிட வேண்டும். சக்கரத்துக்கும் மட்காப்புக்கும் நடுவே களிமண் அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்தபின் இன்னும் ஐம்பது கஜம் போகலாம். பிறகு மறுபடியும் நோண்ட வேண்டும். கடைசியில் வண்டி மனிதனைச் சுமப்பது போய், மனிதன் வண்டியைத் தோளில் சுமந்து வருவான். இந்த மண்ணின் குணத்தை எங்கள் பக்கத்துச் சம்சாரி நன்கறிவான். எந்த ஓடை எந்த மாதத்தில் தெருவுக்குள் புகும் என்பதும் அவனுக்குத் தெரியும். சாலைக்கு மதிப்பீடு போடும் பொறியாளர், மண்ணைச் சோதித்து அதன் வலிமையைச் சொல்ல வல்லவர். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எந்த வீட்டுத் திண்ணை வரை ஏறியது என்பதை அந்தத் திண்ணைக்காரரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இருவர் அறிவும் கூடாத இடத்தில் தெரு கோணலாகவே அமையும்.

இதற்கு ஒரு சான்று கூறுகிறேன். பல ஊர்களில், தேய்ந்த சாலையின் மேலேயே புதிய தாரையும் சிமெண்டையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு விரற்கடை, ஆறு விரற்கடை என்று சாலை உயர்ந்தது. மூன்று படி ஏறிச் சென்ற வீட்டுக்கு இரண்டு படி இறங்கிச் செல்லும்படி ஆயிற்று. மழைநீர் வீட்டுக்குள் வந்தது. இந்த நிலையைக் கண்டுதான், 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியதைப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். மிக நல்ல ஆணை. ஆயினும், இந்தக் குறையைச் சொல்லக் கற்றறிந்தோர் குழு எதுவும் வேண்டியிருக்கவில்லை. முதல் முறை சாலை உயர்ந்தபோதே, வாயிலில் கோலம் போட வந்த அம்மாள் அதைக் கண்டிருப்பாள். கேட்பார்தாம் இல்லை.

தெரு என்பது காலால் நடப்பவர்க்கே முதலில் உரியது என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றி ஓடும் ரத வீதிகளைப் பாருங்கள். தேர் திரும்புவதற்கும், வடம் பிடிக்கும் கூட்டம் நிற்பதற்கும் எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு அகலம் விட்டு அமைத்தவை அவை. ஆடித் தபசு நாளில் அங்கே போனவர்களுக்குத் தெரியும்: வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குப் புறத்தே நின்றுவிட, வீதி முழுவதும் மனிதர்கள் நிறைந்திருப்பார்கள். தோளில் குழந்தையோடு தந்தையும், கையைப் பிடித்துக்கொண்டு பாட்டியும் அச்சமின்றி நடுவீதியில் நடப்பார்கள். ஆண்டில் ஒரு நாள் நிகழும் இதனை நாம் திருவிழா என்கிறோம். மற்ற நாட்களில் அதே பாட்டி அதே வீதியைக் கடக்கச் சுவரோரமாக நின்று காத்திருக்கிறாள்.

அந்தப் பாட்டி அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்துக்களால் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களுள் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்கள் வேகமாகச் சென்றதால் இறந்தவர்கள் அல்லர். வேறொருவருடைய வேகத்தால் இறந்தவர்கள். இயற்பியல் பயிலும் மாணவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இயங்கும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால், அது மோதும் ஆற்றல் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. தடையை அழுத்தியபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் அப்படியே நான்கு மடங்காகிறது. ஆகவே, தெருவின் அகலத்தையும் வளைவையும் முடிவு செய்கிறவர், வண்டி ஓட்டுகிறவரின் வேகத்தையும் ஏறத்தாழ முடிவு செய்துவிடுகிறார். அகன்று நேராக ஓடும் தெருவில் ‘மெதுவாகச் செல்க’ என்று பலகை நாட்டுவதால் பெரும்பயன் விளைவதில்லை.

எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று யாரும் கணக்கெடுக்காத காலம் ஒன்று இருந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எதில் செல்கிறீர்கள் என்று கேட்டார்கள். உழவும் குடிசைத் தொழிலும் அல்லாத மற்ற வேலை செய்வோரிடம் கேட்ட கேள்வி அது. அவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோர் நடந்தோ மிதிவண்டியிலோ செல்வதாகத் தெரிந்தது. காட்டுக்குக் களை எடுக்கப் போகும் பெண்களும், பள்ளிக்குப் போகும் நீங்களும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

மிதிவண்டி என்றவுடன் புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. அங்கே 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் ஆதரவோடு, எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆசிரியைகளும் பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ள அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பி. சாய்நாத் எழுதிய கட்டுரையால் இச்செய்தி உலகமெங்கும் பரவியது. பின்னர் 2001-இல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் மாணவர்களுக்கும் அதை விரிவாக்கியது. வண்டி கொடுத்தாயிற்று, மகிழ்ச்சி. அது ஓடுவதற்கு இடம் கொடுத்தோமா? நீங்கள் சாலையின் ஓரத்தில் ஓட்டுகிறீர்கள். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் ஒரு சாண் உயர வேறுபாடு இருக்கிறது. பின்னால் ஒலிப்பான் கேட்டவுடன் அதில் இறங்குகிறீர்கள், சக்கரம் சறுக்குகிறது. அந்தச் சாணைப் பற்றி யாராவது உங்களை ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

சரி, கேட்டுச் செய்த இடம் எங்கேனும் உண்டா என்றால், நம் மாநிலத் தலைநகரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2014-இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கேனும் நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் செலவாக வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. அதன் வழியே பல சாலைகளில் நடைபாதை அகலப்பட்டது. யாவற்றினும் பெயர் பெற்றது தியாகராய நகரின் பாண்டி பஜார். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் முறையான பெயர். துணிக்கடையும் பாத்திரக்கடையும் நெருங்கிய சாலை அது. முன்னர் இருபுறமும் வண்டிகள் நின்றதால், நடப்பவர்கள் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே புகுந்து செல்வார்கள். அதனை நடப்பவர்களுக்கான வளாகமாக மாற்ற எண்ணியபோது, கடைக்காரர்கள் அஞ்சினார்கள். வண்டி வராவிட்டால் வாங்குவோரும் வரமாட்டார்களே என்பது அவர்கள் அச்சம். அதனை வீண் அச்சம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பிழைப்பைப் பற்றிய அச்சம் அது.

அங்கே செய்த ஒரு காரியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். நிலையாகக் கல் பதிக்கும் முன்னர், தடுப்புக்களை வைத்து, வண்டிகளை விலக்கி, சாலையை மக்களிடம் விட்டு வெள்ளோட்டம் பார்த்தார்கள். குழந்தைகள் விளையாடினார்கள், முதியவர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள், கடைக்காரர்கள் வாயிலில் நின்று கவனித்தார்கள். காகிதத்தில் வரைந்த படத்தைப் பார்த்து ஒருவர் கூறும் கருத்தும், அந்த இடத்தில் கால் வைத்து நடந்தபின் கூறும் கருத்தும் ஒன்றாக இருப்பதில்லை. வீட்டு மனையில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்று பார்த்தார்களே அந்த அம்மாள், அதே முறைதான் இது. பேச்சும் வெள்ளோட்டமும் நடந்தபின், வண்டிகளை முழுவதும் விலக்காமல், சாலையைக் குறுக்கி, நடைபாதையை விரித்து, 2019 நவம்பரில் வளாகம் திறக்கப்பட்டது. முதலில் எண்ணியதற்கும் முடிவில் அமைந்ததற்கும் இடையே இருந்த அந்த மாற்றத்தைச் சிலர் தோல்வி என்பர். என் எண்ணம் வேறு. கேட்டதன் அடையாளம் அது.

ஆனால் முழுவதும் பாராட்டி முடித்துவிட்டால் உங்களுக்குப் பாதிச் செய்தியே கிடைக்கும். வளாகத்தில் நிற்க இடமற்ற வண்டிகள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் போய் நின்றன, அத்தெருவார் குறைப்பட்டனர். ஒரு தெருவைத் திருத்துகிறவர், அதன் கிளைத் தெருவையும் கேட்டாக வேண்டும் என்பது இதனால் தெரிகிறது. மேலும், அச்சாலையின் ஓரத்தில் பல்லாண்டுகள் கடை விரித்திருந்த சிறுவணிகர்கள் 2013-இலேயே தனிக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தனர். பூ விற்பவளும் பழம் விற்பவனும் தெருவாரே அல்லரோ? 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கேட்பதைக் கருணையாக விட்டுவிடாமல் கடமையாக்கிய சட்டம் இது.

இனி, உங்களைப் போன்ற பிள்ளைகளே முன்னின்ற ஒரு கதையைச் சொல்கிறேன். இதற்காக நாம் கடல் கடந்து நெதர்லாந்து செல்ல வேண்டும். இன்று அந்நாட்டை மிதிவண்டியின் நாடு என்று உலகம் புகழ்கிறது. அது பிறவியிலேயே அப்படி இருந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின. தெருக்கள் கார்களுக்கென்று அகற்றப்பட்டன. 1971-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலைகளில் மாண்டனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலையில் இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்னும் பத்திரிகையாளர், ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்று தலைப்பிட்டு எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் சாலையில் அமர்ந்தார்கள்.

அக்காலத்தில், 1972-இல், ஆம்ஸ்டர்டாம் நகரில் டி பைப் என்னும் நெருக்கமான பகுதியில் வாழ்ந்த பள்ளிப் பிள்ளைகள், தங்கள் தெருவில் விளையாட இடம் இல்லை என்று எழுந்தார்கள். வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினார்கள். பெரியவர்களோடு வாதாடினார்கள். ஒரு நாள் தாங்களே தடுப்புக்களை வைத்துத் தெருவை மூடி விளையாடவும் செய்தார்கள். கோபம் கொண்ட கார்க்காரர் இறங்கி வந்து தடுப்பை இழுத்தெறியும் காட்சியும், சிறுவர்கள் அதை மறுபடியும் எடுத்து வைக்கும் காட்சியும் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பதிவாகி இருக்கின்றன. எல்லாப் பெரியவர்களும் அவர்களை ஆதரித்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டவர்கள் அங்கும் பலர். ஆனால் பேச்சு வார்த்தை தொடங்கியது; அப்பகுதியின் தெருக்கள் பின்னர் ஒவ்வொன்றாக மாறின. டெல்ஃப்ட் நகரில் குடியிருப்புத் தெருவையே முற்றம் போல அமைத்து, மரமும் இருக்கையும் வைத்து, வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்தில் மட்டும் செல்லும்படி செய்தனர். 1976-இல் அதற்குச் சட்டத்திலும் இடம் கிடைத்தது. அந்நாட்டின் மக்கள்தொகை அன்று 1 கோடியே 30 லட்சம். இப்போது ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஆகிவிட்டது. வண்டிகளோ பன்மடங்கு பெருகிவிட்டன. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அங்கே சாலையில் இறப்போர் தொகை ஆண்டுக்கு 700-ஐ ஒட்டியே இருந்து வருகிறது.

நம் ஊருக்குத் திரும்புவோம். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆகவே எட்டாம் வகுப்புக்குப் புவியியல் தொடங்கும்போது, உலகப் படத்தை விரிக்கும் முன், ‘உன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்து கொண்டு வா’ என்பது என் வழக்கம். அளவுகோல், திசை, குறியீடு ஆகியவற்றைக் கற்பிக்கவே அவ்வாறு செய்தேன். ஆனால் பிள்ளைகள் எனக்குக் கற்பித்தது வேறு. ஒரே தெருவில் வாழும் சிறுவனும் சிறுமியும் வரைந்த வழிகள் ஒன்றாக இருக்கவில்லை. சிறுவன் நேரே வந்தான். சிறுமி தேநீர்க் கடை முனைக்கு முன்பே திரும்பி, இரண்டு சந்துகளைச் சுற்றி வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை, கேட்காமலே விளங்கிற்று. இன்னொரு படத்தில், சாலையைக் கடக்கும் இடத்தில் லாரி ஒன்று பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக வரையப்பட்டிருந்தது. அளவு தவறு என்று சிவப்பு மையால் குறிக்கக் கை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் அந்த அளவு சரியே. எல்லாப் படங்களையும் ஒன்றன் அருகில் ஒன்றாக மேசைமேல் பரப்பியபோது, மூன்று இடங்களில் எல்லாக் கோடுகளும் வளைந்து விலகிச் சென்றதைக் கண்டேன். அம்மூன்றும் ஊரில் எந்த அலுவலரும் குறித்து வைத்திராத இடங்கள். ஒன்றில் சாக்கடைக்கு மூடி இல்லை. ஒன்றில் மழைநீர் நிற்கும். மூன்றாவது, அந்தத் தேநீர்க் கடை முனை.

இத்தகைய படம் உங்கள் வகுப்பிலும் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு யாரிடம் செல்வது? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊருக்குள் உள்ள தெருக்கள் ஊராட்சியின் பொறுப்பு. ஊரை ஊரோடு இணைக்கும் சாலைகளில் சில ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. பேருந்து ஓடும் பெருஞ்சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. எங்கள் இளையரசனேந்தல் வட்டாரம், வருவாய்க் கணக்கில் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்ந்த பின்னும், ஒன்றியக் கணக்கில் நெடுங்காலம் குருவிகுளத்தோடே நின்றது. எந்த மனுவை எந்த ஊருக்குக் கொண்டு போவது என்று படித்தவர்களே தடுமாறினார்கள். ஆகவே, சாலை எவருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் கிராம சபையிலேயே கேளுங்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கூடும் இச்சபை, 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூட வேண்டும் என்று வகுக்கப்பட்டது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள். பதினெட்டு நிரம்பிய கல்லூரி மாணவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் எழுந்து பேசலாம். இளையவர்கள் தங்கள் தாயிடமோ பாட்டியிடமோ படத்தைக் கொடுத்தனுப்பலாம். பாட்டியிடம் கொடுத்தனுப்புவதே நன்று என்பேன். அவரைக் குறுக்கே மறிக்க எவரும் துணியமாட்டார்கள்.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. கேட்பது வேறு, கேட்டதையெல்லாம் அப்படியே செய்வது வேறு. விபத்து ஒன்று நிகழ்ந்தவுடன் ஊரார் கூடி, ‘வேகத்தடை போடு’ என்பார்கள். சில இடங்களில் தாங்களே மண்ணையும் கல்லையும் குவித்து ஒரு மேடு எழுப்பிவிடுவார்கள். அது கூர்மையாக இருப்பதால், ஆட்டோவில் மருத்துவமனைக்குச் செல்லும் கருவுற்ற பெண்ணுக்குத் துன்பம். இரவில் மிதிவண்டியில் வருகிறவன் தூக்கி எறியப்படுகிறான். வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல எழுந்து மெல்ல இறங்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை அளவு வகுத்திருக்கிறது. நடைபாதை தடையின்றி 1.8 மீட்டரேனும் அகலம் இருக்க வேண்டும், 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றும் அது கூறுகிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிச் செல்ல வேண்டுமே, அதனால் அவ்வளவு அகலம். எந்த இடத்தில் வேண்டும் என்று தெருவார் சொல்லட்டும். எந்த அளவில் வேண்டும் என்று பொறியாளர் சொல்லட்டும். பணம் போதாது என்று ஊராட்சி சொல்லுமானால், நமக்கு நாமே திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் தந்து பணியைத் தொடங்கிய ஊர்கள் உண்டு என்பதையும் நினைவூட்டலாம்.

வெள்ளோட்டத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. பள்ளி வாயில் முன் நடைபாதை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் கயிறும் நான்கு மூங்கிலும் போதும். ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் முன்னரே சொல்லி இசைவு பெற்று, ஒரு வாரம் கோடு போட்டு வையுங்கள். பால்காரர் வண்டி திரும்புகிறதா, தவிட்டு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி போகிறதா, பேருந்து நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் வண்டிகள் ஏறுகின்றன. மறுநாள் காலையில் கோட்டைத் தள்ளிப் போடுங்கள்.

அதற்கு முன் ஒரு கணக்கு எடுத்தாக வேண்டும். பள்ளி மணி அடிப்பதற்கு முந்திய அரை மணி நேரம், இரண்டிரண்டு பேராக முனையில் நின்று, நடப்பவர்கள் எத்தனை பேர், மிதிவண்டிகள் எத்தனை, மோட்டார் வண்டிகள் எத்தனை என்று கோடு கிழித்து எண்ணுங்கள். நடப்பவர்களை ஆண், பெண், சிறுவர், முதியோர் என்று பிரித்து எண்ணுங்கள். அமாவாசை, சந்தை நாள் போன்ற கூட்ட நாட்களில் ஒரு முறையும், வெறும் நாளில் ஒரு முறையும் எண்ணுங்கள். ஐப்பசி பிறந்து முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில், அதே இடத்தில் ஒரு குச்சியை நட்டு, நீர் எத்தனை விரற்கடை நிற்கிறது என்று அளந்து படத்தில் குறியுங்கள். நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபைக்கு அந்தப் படத்தின் இரண்டு படிகளைக் கொண்டு செல்லுங்கள். ஒன்றைத் தலைவரிடம் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எண் இட்டுப் பதியச் சொல்லுங்கள். மற்றொன்றைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.